பூஜ்யம் புள்ளி ஒன்று எட்டு

நாற்பத்தொரு சதவீதம். இரண்டேகால் மணிக்குப் பார்த்தபோது நாற்பத்தொன்று, எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தபோதும் நாற்பத்தொன்று. மூன்றாவது மாடியில், ஜன்னலோரத்து மேஜையில், இரண்டு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான் தாணுமாலயன். இடதுபக்கத் திரையில் ஒரு வேனின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுவது என்றால் நிஜமாக இல்லை, எண்களாக. எண்ணெய் ஊற்ற வேண்டாம், புகை வராது, கையில் கரி ஒட்டாது. இதுதான் அவன் தொழில்; இரும்பில் வார்ப்பதற்கு முன்னாலேயே எண்களில் வார்த்து, ஓட்டிப் பார்த்து, உடையுமா உடையாதா என்று சொல்லிவிடுவது. ஊரில் யாராவது கேட்டால் இன்ஜினுக்கு ஜாதகம் பார்க்கிறேன் என்பான். சிரிப்பார்கள். நாற்பத்தாறு வயதில் இதைச் சொல்லிச் சிரிக்க வைப்பதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஜாதகக்காரன் எப்போது பொய் சொல்வான் என்று சிரித்தவர்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. இன்று காலை பதினொன்றரைக்கு ரப்பர் கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவன் கேட்ட விவரம். ஏதோ தணிக்கைக்காகப் பழைய கோப்புகளைத் துழாவியிருக்கிறார்கள், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, ஆய்வகச் சான்றோடு அனுப்பிவிட்டார்கள். ஐந்து வருஷம் தூங்கியவர்கள் இன்னும் ஒரு நாள் தூங்கியிருக்கக் கூடாதா. இன்ஜினுக்குள்ளே பிஸ்டன்கள் உதைக்க உதைக்கச் சுழல்கிற இரும்புத் தண்டுக்குக் கிராங்க் என்று பேர். ஒவ்வோர் உதைக்கும் அது ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி லேசாக முறுக்கிக்கொண்டு விடும், கண்ணுக்குத் தெரியாத முறுக்கு. அதை விழுங்குவதற்காகத் தண்டின் முனையில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, டாம்பர் என்பார்கள். எவ்வளவு விழுங்கும் என்பது ஓர் எண். கம்ப்யூட்டருக்குள் அவன் எழுதி வைத்திருந்தது பூஜ்யம் புள்ளி ஒன்று எட்டு. மெயிலில் இருந்தது பூஜ்யம் புள்ளி ஒன்று ஒன்று. பன்னிரண்டு ஐம்பதுக்குப் புதிய எண்ணைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எதையோ செய்கிறவன் போல, யாரிடமும் சொல்லாமல் ஓடவிட்டான். அதுதான் இடதுபக்கத் திரையில் சதவீதமாக ஏறிக்கொண்டிருந்தது, முடிய நாலேகால் ஆகும். நாலரைக்கு மீட்டிங். அதில் அவன் கையெழுத்துப் போட்டால் கிராங்க்குக்கு அச்சு வெட்டிவிடுவார்கள், அப்புறம் எதையும் மாற்ற முடியாது.

ஒன்று எட்டு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது. யாரும் கேட்க மாட்டார்கள், அதுதான் இதில் உள்ள சௌகரியம், அதுதான் கேடும். ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு மே மாதம். பழைய இன்ஜினைக் கீழே டெஸ்ட் ஷெட்டில் நிஜமாகவே ஓட்டி, முறுக்கை அளந்து, ஒரு கோடு வரைந்து கொடுத்தார்கள். மேலே அவனுடைய கம்ப்யூட்டரும் ஒரு கோடு வரைந்தது. கம்ப்யூட்டரின் கோடு எல்லா இடத்திலும் ஷெட்டின் கோட்டுக்கு மேலேயே போயிற்று. அப்படியானால் கணக்கு தப்பு, நிஜம் சரி. நிஜம் எப்படித் தப்பாகும்? மற்ற எல்லா எண்ணும் அளந்து வந்தவை, ரப்பர் எண் ஒன்றுதான் வராமல் அவன் இஷ்டத்துக்கு விட்டிருந்தது. பூஜ்யம் புள்ளி ஒன்று பூஜ்யம் போட்டுப் பார்த்தான். ஒன்று நான்கு போட்டுப் பார்த்தான். ஒன்று எட்டு போட்டபோது இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்துவிட்டன, ஏதோ அவனுக்காகவே காத்திருந்ததைப் போல. பிரிவுத் தலைவர் ஆராவமுதன் சார் பின்னாலிருந்து தோளைத் தட்டியது இப்போதும் தோளில் இருக்கிறது. எண்ணுக்குப் பக்கத்தில் அவன் ஒரு வரி எழுதினான்: தற்காலிகம், சரியான மதிப்பு வந்ததும் மாற்றவும். எழுதினான், சத்தியமாக எழுதினான். அடுத்த வருஷம் மென்பொருளின் புதிய பதிப்பு வந்தபோது எண்கள் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன, பக்கத்துக் குறிப்புகள் மட்டும் வரவில்லை. பக்கத்தில் ஒன்றும் எழுதாத எண் பார்க்க உண்மை மாதிரியே இருக்கும். அந்தக் கோப்புக்கு மாஸ்டர் ஃபைல் என்று பேர் வைத்தார்கள். புதிய இன்ஜின் எது வந்தாலும் அதை நகல் எடுத்துத்தான் தொடங்க வேண்டும், உள்ளே கை வைக்கக் கூடாது, அது விதி. விதியை எழுதியவனும் அவன்தான். பிளஸ் டூ பிராக்டிகல் ஞாபகம் வந்தது, ஏன் வருகிறது, வேண்டாம், வந்துவிட்டது. நாகர்கோவில் பள்ளிக்கூடத்து லேப், மெழுகு வாசனை, தனி ஊசல். புவியீர்ப்புக்கு விடை தொள்ளாயிரத்து எண்பது வர வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். விடையை முதலில் எழுதிவிட்டு அலைவு நேரங்களைப் பின்னால் இட்டு நிரப்பினார்கள், வகுப்பு மொத்தமும், நாற்பது பேரும். அவன் கெட்டிக்காரன், சரியாகத் தொள்ளாயிரத்து எண்பது வராமல் தொள்ளாயிரத்து எழுபத்தாறு வருகிற மாதிரி நிரப்பினான். ஐம்பதுக்கு ஐம்பது. அன்றைக்கு ஒருத்தர் கையைப் பிடித்து இரண்டு அறை கொடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தான்.

ஐம்பத்திரண்டு. இல்லை, யாரும் எச்சரிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. இந்த இடத்துக்கு வந்தால் நினைப்பு ஒவ்வொரு முறையும் சேலைத் தலைப்பு ஆணியில் மாட்டியது போல நின்றுவிடுகிறது. முனிரத்தினம் சொன்னான். அப்போது அவன் ஷெட்டில் இன்ஜின் ஏற்றி இறக்குகிறவன், அந்த மே மாதத்து அளவை எடுத்தவனும் அவனே. டீக்கடையில், கிளாஸை இரண்டு விரலால் பிடித்து ஊதிக்கொண்டே, "சார், அந்த சென்சாரு மாட்டியிருக்கற பட்டை லேசா ஆடுது சார். ரீடிங்கு கம்மியா காட்டுதோன்னு எனக்கு ஒரு டவுட்டு" என்றான். அதற்கு முந்தின நாள்தான் கோடுகள் படிந்திருந்தன. தோள் தட்டப்பட்டிருந்தது. "பாத்துக்கலாம் முனி" என்றான் தாணுமாலயன். தமிழில் ஒரு விஷயத்தைக் குழி தோண்டிப் புதைக்க இதைவிட மரியாதையான வார்த்தை கிடையாது. பார்க்கவில்லை. அதாவது நிஜம் தப்பாக அளக்கப்பட்டிருந்தது, கணக்கு சரியாக இருந்தது, சரியான கணக்கைத் தப்பான நிஜத்துக்குப் பொருந்தும்படி அவன் வளைத்திருக்கிறான். வளைந்தது பொருந்தியதால் அடுத்த வருஷமே மேலிடத்தில் முடிவு செய்தார்கள், கம்ப்யூட்டர் இவ்வளவு துல்லியமாகச் சொல்லும்போது ஷெட் எதற்கு. ஆயிரம் மணி நேரம் இன்ஜினைக் கட்டிப்போட்டு ஓட்டிக் களைக்க வைக்கிற அந்தச் சோதனை எதற்கு. ஷெட்டை மூடினார்கள். நாற்பத்திரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கடைசி நாளில் அவர்கள் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், நடுவில் நாற்காலி போட்டு அவனை உட்கார வைத்தார்கள், அவன்மேல் ஒருவருக்கும் கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. அந்தத் துல்லியத்துக்காகக் கம்பெனி அவனுக்குக் கண்ணாடிக் கேடயம் கொடுத்தது. வீட்டில் மனைவி பகவதி அதை டிவிக்குப் பக்கத்தில் வைத்து வெள்ளிக்கிழமை தோறும் துடைக்கிறாள். ஷெட்டில் இப்போது பேட்மின்டன் ஆடுகிறார்கள். முனிரத்தினத்துக்கு ஹெவி லைசென்ஸ் இருந்ததால் அவனை மட்டும் டெஸ்ட் டிரைவராக வைத்துக்கொண்டார்கள். இப்போது ஒன்று எட்டு தப்பு என்று சொன்னால், ஓர் எண் தப்பு என்று மட்டுமா சொல்கிறான்? ஆடிக்கொண்டிருந்த ஒரு தகரப் பட்டையாலும் தன் வாயிலிருந்து வந்த ஒரு பாத்துக்கலாமாலும் நாற்பத்திரண்டு அடுப்பு அணைந்தது என்று சொல்கிறான். வேலை போனால் போகட்டும் என்று அவனால் இரண்டு நிமிஷம் நினைக்க முடிந்தது. இதை நினைக்க முடியவில்லை.

"சார்." ரெஜினா. பக்கத்து வரிசைப் பெண், சேர்ந்து ஒன்றரை வருஷம், மினிபஸ் இன்ஜின் அவள் பொறுப்பு. "உங்க ரன் எப்ப சார் முடியும்? என்னுது க்யூல நிக்குது." மென்பொருளுக்குக் கம்பெனி வாங்கி வைத்திருப்பது இரண்டே லைசென்ஸ், ஒருவர் கணக்கு ஓடினால் மற்றவர் காத்திருக்க வேண்டும். ஒன்று ஆராவமுதன் சாருடைய அவசர வேலையில் மாட்டியிருந்தது, இன்னொன்று இவனிடம். "நாலேகால் ஆகும்மா" என்றான். "ஐயோ சார், நாலரை பஸ்ஸுக்குக் கிளம்பணும். நான் ஸ்டார்ட் பண்ணி விட்டுட்டுப் போயிட்டா காலையில ரிசல்ட் வந்துரும்." உதட்டைப் பிதுக்கினாள். அவளிடம் எதையாவது சொல்லிவிடலாமா, இந்தப் பிள்ளையிடம், சும்மா, ஒரு சந்தேகம் மாதிரி. "மாஸ்டர் ஃபைல்தானே எடுத்திருக்க?" என்றுதான் வாயிலிருந்து வந்தது. "ஆமா சார், உள்ள எதையும் தொடவே இல்ல" என்றாள், நல்ல பிள்ளை என்று பேர் வாங்குகிற குரலில். அவன் தலையாட்டினான். அவள் அவனை நம்புவது அவனுக்குப் பிடித்திருந்தது, இந்த நேரத்திலும் பிடித்திருந்தது, அதற்காகத் தன்மேல் அருவருப்பாகவும் இருந்தது.

அறுபத்தாறு. ஜன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. கட்டிடத்துக்குப் பின்னால் கம்பெனியின் சொந்த ஓட்டப்பாதை, அதற்கு அப்பால் முள்காடு, அதற்கும் அப்பால் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து மொட்டைக் குன்று. பாதையில் இந்த மூன்றாவது மாடியிலிருந்து தெரிவது தண்ணீர்த் தொட்டிக்கும் கொட்டகைக்கும் நடுவிலான ஒரு துண்டு மட்டும். மூன்று மணியிலிருந்து அந்தத் துண்டில் வேன் வந்து போய்க்கொண்டிருந்தது. ஒன்று எட்டை நம்பி இளைக்க வைத்த கிராங்க்கோடு, பழையதைவிட மூன்று மில்லிமீட்டர் மெலிந்த கிராங்க்கோடு, பழையதைவிட அதிகமாக உதைக்கிற பிஸ்டன்களோடு, அச்சு வெட்டுமுன் கையால் கடைந்து செய்த முதல் வேன். யாருக்கும் உருவம் தெரியாதிருக்க மேலெல்லாம் கறுப்பு வெள்ளைச் சுழிகளாக ஸ்டிக்கர். உள்ளே பன்னிரண்டு மணல் மூட்டை, முனிரத்தினம். நாலு நிமிஷத்துக்கு ஒரு சுற்று. வந்தது, போயிற்று. ஏழாவது சுற்று. இரண்டாயிரத்து எண்ணூறு சுற்றுவேகத்தில்தான் முறுக்கு உச்சத்துக்குப் போகும், ஏற்றத்தில் மூன்றாம் கியரில் அது வரும், வளையம் தெறித்தால் பெல்ட் அறும், ஸ்டியரிங் கனக்கும், தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பது கான்கிரீட் சுவர். போனை எடுத்து நிறுத்தச் சொல்லலாம். டிராக் ஆபீஸ் எண் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருக்கிறது. எடுத்தான். எதற்கு சார் நிறுத்தணும் என்று கேட்பார்கள். வைத்தான். அப்போது அந்த நினைப்பு வந்தது, பயத்தின் பின்வாசல் வழியாக வந்தது: உடைந்தால் நல்லதுதானே. உடைந்துவிட்டால் அவன் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. இரும்பே சொல்லிவிடும். எல்லாரும் ஓடி வந்து பார்ப்பார்கள், எண்ணைத் தோண்டுவார்கள், அவனும் அவர்களோடு சேர்ந்து ஆச்சரியப்படலாம். உள்ளே முனி இருக்கிறானே. சரி, வேகத்தைக் குறை. நாற்பது கிலோமீட்டர் வேகம் போதும், நேரான பாதை, வளைவு வேண்டாம், சுவர் வேண்டாம். டொக்கென்று ஒரு சத்தம், எண்ணெய் கொட்ட வேண்டும், முனி இறங்கி இடுப்பில் கைவைத்துக் குனிந்து பார்க்க வேண்டும். இருபது வருஷமாக எண்களைக் கட்டுப்படுத்தியே பழகிய மூளை ஒரு மனுஷன் அடிபடாத விபத்தை உட்கார்ந்து அமைத்துக்கொண்டிருந்தது. சீ என்று வாய்விட்டே சொன்னான். ரெஜினா திரும்பிப் பார்த்தாள்.

ஆராவமுதன் சாரிடம் போய்ச் சொல்லிவிட்டால். இதையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான், முதல் தடவை நேராக: சார், மாஸ்டர் ஃபைலில் ஒரு தப்பு இருக்கிறது. அவர் முகம் வெளுக்கிறது, யார் தப்பு என்கிறார். இரண்டாவது தடவை சுற்றி வளைத்து: சார், ரப்பர் கம்பெனி ஒரு புது விவரம் அனுப்பியிருக்கிறது. இத்தனை வருஷம் என்ன பண்ணிக்கொண்டிருந்தாய் என்கிறார். மூன்றாவது தடவை அழுதுகொண்டே. அதில் அவர் எழுந்து வந்து தண்ணீர் கொடுக்கிறார், தாணு, நீ ஒருத்தன்தான் உண்மையைச் சொன்னவன் என்கிறார், அது இந்த ஜென்மத்தில் நடக்காது. எந்த வழியாகப் போனாலும் ஒரே சுவரில் போய் முட்டியது. ஆனால் கால் எழுந்துவிட்டது, நடந்தது, கண்ணாடிக் கதவைத் தட்டியது. ஆராவமுதன் சார் மீட்டிங்குக்காகக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார், ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே. "வாப்பா தாணு. ஒன்ன நம்பித்தான் இன்னிக்கு ஒக்காரப் போறேன். ப்ரெசிடென்ட் வர்றார். சர்ப்ரைஸ் ஒண்ணும் இல்லையே?" கேள்வியிலேயே பதிலை வைத்துக் கேட்கிற மனுஷர். தாணுமாலயன் அவருடைய வெளியே நின்ற கையைப் பார்த்தான், அது கோட்டின் துவாரத்தைத் தேடித் தேடி அலைந்துகொண்டிருந்தது. "சார், அந்த டாம்பர்..." என்றான். "டாம்பருக்கு என்ன?" கை நின்றது. நின்ற அந்த ஒரு நொடியில் நாற்பத்திரண்டு பேரும் போட்டோவில் நின்ற வரிசையிலேயே வந்து நின்றார்கள், நடுவில் நாற்காலி. "ஒண்ணுமில்ல சார். ஸ்லைட்ல டாம்பர் படம் சின்னதா இருக்கு, பெருசு பண்ணட்டுமான்னு கேக்க வந்தேன்." "பண்ணு, பண்ணு" என்றார், கை துவாரத்தைக் கண்டுபிடித்துவிட்டது. தாணுமாலயன் திரும்பி வந்து படத்தைப் பெரிதாக்கினான். அதைக் கச்சிதமாகச் செய்தான், ஓரங்கள் பிசகாமல்.

எண்பத்து மூன்று. பதினோராவது சுற்று வரவில்லை. முதலில் அவன் கவனிக்கவில்லை, கவனித்தபோது ஆறு நிமிஷம் ஆகியிருந்தது. தொட்டிக்கும் கொட்டகைக்கும் நடுவில் வெறும் தார், தாரின்மேல் வெயில் நெளிந்தது. ஏழு நிமிஷம். ஏசி சத்தம், யாரோ கீபோர்டைத் தட்டும் சத்தம், இவற்றுக்கு அடியில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கிறதா என்று தேடினான். முனிரத்தினத்தின் கை ஞாபகம் வந்தது, இடது கட்டைவிரலில் நகம் கிடையாது, எப்போதோ இன்ஜின் இறக்கும்போது போனது. அந்த விரலால்தான் கிளாஸைத் தாங்கி ஊதுவான். எட்டு நிமிஷம். கடவுளே ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது. ஆகியிருந்தால் முடிந்துவிடும். இரண்டையும் அவன் ஒரே மூச்சில்தான் வேண்டினான், எது வேண்டுதல் எது பயம் என்று அவனுக்கே பிரிக்கத் தெரியவில்லை, நெஞ்சில் ஒரு பக்கம் கல்லாகவும் மறு பக்கம் என்னவோ லேசாகிற மாதிரியும் இருந்தது, அந்த லேசுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது. பத்து நிமிஷம். எழுந்து நின்று நெற்றியை ஜன்னல் கண்ணாடியில் வைத்துக்கொண்டான், சூடாக இருந்தது. தொட்டிக்குப் பின்னாலிருந்து கறுப்பு வெள்ளைச் சுழிகளோடு வேன் வந்தது, ஒரு குறையும் இல்லாமல், கொட்டகைக்குப் பின்னால் போய் மறைந்தது. அவன் உட்கார்ந்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. மகிழ்ச்சி என்று எடுத்துக்கொள்ளத்தான் ஆசை. ஏமாற்றமும் இருந்தது. இரும்பு பேசவில்லை, பேசாது, அரை நாளில் பேசவே பேசாது. அது களைக்க வேண்டும். முப்பதாயிரம், நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடி உள்ளுக்குள்ளே மயிரிழை விட்டு, ஒரு நாள், எந்த அறிவிப்பும் இல்லாமல். அதைத் தெரிந்துகொள்ளத்தான் கீழே அந்த ஷெட் இருந்தது.

நாலு மணிக்குக் கீழே இறங்கிப் போனான். ஏன் போனான் என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது, முனியை முழுசாக ஒரு தடவை பார்க்க வேண்டும் போலிருந்தது. வேன் கொட்டகை நிழலில் நின்று சூடு ஆறிக்கொண்டிருந்தது, டிக் டிக்கென்று இரும்பு சுருங்குகிற சத்தம். முனிரத்தினம் கதவைத் திறந்து வைத்து, ஒரு காலை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தான். ஐம்பத்திரண்டு வயசு, மீசை முழுக்க நரைத்துவிட்டது. "இன்னா சார், நீங்களே எறங்கி வந்துட்டீங்க" என்று சிரித்தான். "நடுவுல நிறுத்திட்டியே முனி, என்ன ஆச்சு?" "மாடு சார். வேலிய தாண்டி வந்து நட்ட நடுவுல நின்னுக்கிச்சி. ஹாரன் அடிச்சா மொறைக்குது. எறங்கி வெரட்டி உட்டுட்டு வரேன்." மாடு. தாணுமாலயன் சிரித்தான், நீளமாகச் சிரித்தான். முனிரத்தினம் பாட்டிலை மூடினான். "வண்டி சூப்பர் சார். என்னா இழுவை! ஒண்ணே ஒண்ணு, அந்த ரெண்டாயிரத்தி எட்நூறுல லேசா ஒரு மொனகல் மாரி. காதுல கேக்கல, கால்ல தெரியுது, பெடல்ல. ஷெட்டு இருந்தப்போ இது மாரி வந்தா நாங்க உடமாட்டோம்." பிறகு அவனே கையை உதறினான். "அத்தெல்லாம் உங்க கம்ப்யூட்டர் பாத்துட்டிருக்கும். எனக்கு ஷெட்டு காலத்து காலு சார், சும்மா எதுனா சொல்லும்." பாத்துக்கலாம் முனி என்று தாணுமாலயன் சொன்னான். சொன்ன பிறகுதான் அது எந்த வார்த்தை என்று தெரிந்தது. முனிரத்தினம் மறந்துவிட்டிருந்தான், அல்லது மறந்தவன் போல வேனின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். "சார், ஒண்ணு கேக்கணும். எம் மச்சான் அச்சரப்பாக்கத்துல ஸ்கூல் வேன் ஓட்டறான். பழச தள்ளிட்டு புதுசு எடுக்கணும்ன்றான். இதுக்குன்னே வெயிட் பண்றான், நான்தான் சொல்லி வச்சிருக்கேன். எம் பேத்தியும் அதுலதான் போவுது, எல்கேஜி. எடுக்கலாமா சார்? நீங்க சொன்னா சரி." ஒரு நாளைக்கு எண்பது கிலோமீட்டர். வருஷத்துக்கு இருநூற்றிருபது பள்ளி நாள். பதினேழாயிரத்து அறுநூறு. அவன் கேட்காமலேயே மூளை பெருக்கிக்கொண்டு போயிற்று, நாற்பதாயிரத்தைத் தொடும்போது மூன்றாவது வருஷம், காலாண்டுப் பரீட்சை சமயம், ஜிஎஸ்டி ரோடு, பின்னால் மணல் லாரி. முனிரத்தினம் நகமில்லாத விரலால் கதவு விளிம்பைத் தடவிக்கொண்டு பதிலுக்காக நின்றான். வெயில் தார்மேல் நெளிந்தது. "தாராளமா எடுக்கலாம் முனி" என்றான் தாணுமாலயன்.

மேலே வந்தபோது தொண்ணூற்றைந்து. அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் ரெஜினா தோளில் பையோடு நின்றாள். "சாரி சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு, அதான் பாத்தேன்." இன்னும் பத்து நிமிஷம். பத்து நிமிஷம் கழித்து சதவீதத்தைக் காட்டுகிற அந்தப் பச்சைக் கோடு முடிந்து ஒரு படம் வரும், தண்டின் நடுக்கழுத்தில் சிவப்பாக ஓர் இடம், பக்கத்தில் ஓர் எண். அதைப் பார்த்துவிட்டால் அப்புறம் அவன் தெரிந்தவன். இப்போது அவன் வெறும் சந்தேகப்பட்டவன். சந்தேகப்பட்டவனை உலகத்தில் யாரும் தண்டிக்க மாட்டார்கள், அவனே நாளடைவில் மறந்துவிடுவான், வெள்ளிக்கிழமை கேடயம் துடைக்கப்படும். எடுத்துக்கம்மா, என்னுது ஒண்ணும் அவசரமில்ல, என்று யாரோ சொன்னார்கள். அவன்தான். "ஐயோ, தொண்ணூத்தஞ்சு வந்துருச்சே சார்!" "பரவாயில்ல. சும்மா ஒரு செக்தான்." நிறுத்து என்பதை அழுத்தினான். இதுவரை செய்த கணக்கு முழுவதும் அழிந்துவிடும், நிச்சயமாக நிறுத்தவா என்று திரை கேட்டது. ஆம். பச்சைக் கோடு இருந்த இடம் காலியாயிற்று. வரிசையில் நின்றிருந்த மினிபஸ் நகர்ந்து வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தது, ரெஜினாவின் திரையில் மாஸ்டர் ஃபைல் வரி வரியாக ஏறத் தொடங்கியது, ரப்பர் வளையத்தின் வரியும் அதில் ஏறியது, பூஜ்யம் புள்ளி ஒன்று எட்டு. "தேங்க்ஸ் சார். நீங்க ரொம்ப நல்லவர் சார்" என்று சொல்லிவிட்டு அவள் லிப்ட்டுக்கு ஓடினாள். நாலு இருபத்தாறு வரை மீட்டிங் ஸ்லைடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தான். கண்ணாடி அறையில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. தாணுமாலயன் காலையில் வந்த மெயிலைக் கடைசியாக ஒரு முறை பார்த்தான். அதை அழிக்க அவனுக்குத் தைரியம் இல்லை. படிக்காதது என்று குறி போட்டான். வரி மறுபடி தடித்த எழுத்துக்கு மாறி, யாரும் இன்னும் திறக்காத மற்ற மெயில்களோடு போய் நின்றுகொண்டது. சட்டைப்பையில் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனான்.